ரிஜெக்ட் ஆகாத பொன்வண்டு

சௌந்தரராஜன் சாருக்கு என்னைப் பிடிக்கும். என் தொல்லைகளுக்கெல்லாம் அதுதான் காரணம்.

ஓசூர் சிட்கோவுக்குப் பின்பக்கச் சந்தில் நான் ஒரு பாலிஷ் பட்டறை நடத்துகிறேன். பெயர் ஆஞ்சப்பன். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், பில் போடுவது தமிழில், கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். பைக்கில் நாம் விரல் மடக்கிப் பிடிக்கிற பிரேக் லீவர் இருக்கிறதே, அதை வார்ப்படமாகக் கொண்டுவந்து எங்களிடம் கொட்டுவார்கள். நாங்கள் பஃபிங் சக்கரத்தில் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி மினுக்கி, பெட்டியில் அடுக்கிக் கம்பெனிக்கு அனுப்புவோம். கம்பெனிக்குள் அந்தப் பெட்டி முதலில் போய்ச் சேர்கிற மேசை சௌந்தரராஜனுடையது. ஒவ்வொரு லீவராகக் கையில் எடுப்பார். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு திருப்புத் திருப்புவார். நல்லது பச்சைத் தொட்டிக்குப் போகும், மற்றது சிவப்புத் தொட்டிக்கு. என் பிழைப்பு அந்த இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் கிடக்கிறது.

ஆள் அருப்புக்கோட்டைப் பக்கம். ஐம்பதைத் தொட்டவர். ஓசூரில் இத்தனை வருஷம் இருந்தும் ஊர்ப் பேச்சும் போகவில்லை, இந்த ஊர்க் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்மையானவர், அதுவும் பார்ப்பவனுக்கு எரிச்சல் வருகிற அளவுக்கு. என் பட்டறைக்கு வந்தால் டீ குடிக்க மாட்டார். தண்ணீர்கூடத் தன் பாட்டிலைத்தான் திறப்பார்.

"நாளைக்கு ஒங்க பீஸ நான் தூக்கிச் செவப்புல போடணும்ல ஆஞ்சப்பன். அன்னைக்கு என் நாக்குல ஒங்க சர்க்கரை இருக்கக் கூடாதுல்ல" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பூச்சிப் பைத்தியம் பிடித்த கதை கம்பெனி முழுக்கத் தெரியும். ஒரு நாள் காலை, லீவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தவர் அதில் ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டார். வார்ப்படத்தில் காற்றுக் குமிழி இருந்தால் பாலிஷுக்குப் பிறகு அப்படித்தான் குட்டிக் குழியாகத் தெரியும். பின்ஹோல் என்போம். சிவப்பு மார்க்கரை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்தை விட்டுப் புள்ளி வெளியே நடந்து போனது. அரிசியில் வருமே மூக்கு நீண்ட வண்டு, அந்த வகையில் ஏதோ ஒன்று. பக்கத்து மேசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. அந்த வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், "இதுக்கு மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். பவளம், அதுதான் அவர் மனைவி, "மொதல்ல கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. அப்புறம் வண்டு மூஞ்சியப் பாக்கலாம்" என்றாராம்.

கண்ணாடி என்ற சொல்லை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. இன்ஸ்பெக்ஷனில் அவரோடு இருந்த ரெக்ஸ் என்பவர் ஒரு தீபாவளிக்கு முன்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். பொங்கலுக்குள் பேக்கிங் செக்ஷனுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து, கண்ணாடி போட்டால் மேசை போச்சு என்பது அந்தப் பிரிவில் சட்டம். யார் போட்ட சட்டம் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாரும் லீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சௌந்தரராஜனின் கை கொஞ்ச நாளாகவே முழு நீளத்துக்கு நீண்டிருந்தது. ஒரு மூக்குக் கண்ணாடி வாங்க மறுத்த அந்த மனிதர்தான் பிறகு பெங்களூரில் பாதிக் கடைகளின் கேமராக் கண்ணாடிகளை விலை கேட்டார்.

முதலில் செல்போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ். அது எறும்பைக் காட்டியது, ஓரத்தில் எல்லாம் கோணலாக. அடுத்தது கேமரா. வாங்குவதற்கு என்னைத்தான் கூட்டிப் போனார். எனக்குக் கன்னடம் வரும், பைக் இருக்கிறது, கூடவே அவர் கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியாது. பெட்ரோலில் பாதியை அவர்தான் போட்டார். அத்திப்பள்ளி தாண்டும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு, தும்பிக்கு எத்தனை கண் என்று என் காதுக்குள் விளக்கிக்கொண்டே வந்தார்.

கடையில் அவர் நடந்துகொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். கம்பெனியில் புதிதாக ஒருவன் சாமான் சப்ளை செய்ய வந்தால், முதலில் மாதிரி கேட்பார்கள், அதைச் சோதித்துப் பார்த்துத்தான் ஆர்டர். கேமராவையும் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிரேக் லீவரை எடுத்துக் கடைக்காரரின் கண்ணாடி மேசைமேல் வைத்தார். கம்பெனி ஸ்கிராப்பிலிருந்து முறையாக எழுதி வாங்கி வந்த லீவர் அது. அதைத்தான் ஒவ்வொரு லென்ஸாலும் படம் எடுத்துப் பார்த்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "இவருக்குக் கல்யாண போட்டோ எடுக்கணுமா, இல்ல பைக் போட்டோவா?" என்று கேட்டார்.

"பூச்சி" என்றேன். மனிதர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பழைய கேமரா ஒன்றையும் சின்ன மேக்ரோ லென்ஸ் ஒன்றையும் தேர்ந்தெடுத்தார். லீவரின் மேல் இருந்த கீறலெல்லாம் அதில் கயிறு தடிமனுக்குத் தெரிந்தது. கடைக்குள் இருந்த பெரிய டிவியில் போட்டுக் காட்டினார்கள். சோதனை பாஸ். மறு ஞாயிற்றுக்கிழமை ராமநாயக்கன் ஏரிக்கரைக்குப் போனோம். ஒரு தட்டான் கம்பியில் உட்கார்ந்திருந்தது. இந்தச் சின்ன லென்ஸில் பூச்சி பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் நாலு விரல் தூரம் வரை முட்டிக்கொண்டு போக வேண்டும். இவர் போனார். தட்டான் பறந்தது. வேறொன்று. அதுவும் பறந்தது. அன்று காலை முழுக்க ஏரிக்கரையில் இருந்த பூச்சிகளையெல்லாம் அக்கரைக்கு அனுப்பிவைத்தார்.

"லீவர் பறக்காது சார். அதான் உங்க டெஸ்ட்ல கோளாறு" என்றேன்.

அவர் அதை மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டார். மறுபடி பெங்களூர். இந்த முறை நூறு மில்லிமீட்டர் லென்ஸ். அதே அளவுக்குப் பூச்சியைப் பெரிதாக்கும். ஆனால் ஒரு சாண் தள்ளி நின்றாலே போதும். முன்பு பூச்சிமேல் விழுந்த தன் நிழலும் இப்போது விழாது என்று சந்தோஷப்பட்டார். விலைக்கும் எடைக்கும் பவளம் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே எழுத வேண்டாம்.

புது லென்ஸுக்குப் புதுப் பிரச்சினை. கிட்டத்தில் எடுக்கும்போது பூச்சியின் கண் தெளிவாக விழுந்தால் வால் கரைந்துபோகிறது. தலை முதல் வால் வரை தெளிவாக வேண்டுமென்றால் லென்ஸுக்குள் இருக்கிற துளையைச் சின்னதாக்க வேண்டும். துளை சின்னதானால் வெளிச்சம் போதாது, படம் இருட்டு. அதற்கு ஃப்ளாஷ். முதலில் லென்ஸைச் சுற்றி மாட்டுகிற வளைய ஃப்ளாஷ் வாங்கினார். ஈயின் கண்ணில் வளையல் போட்ட மாதிரி வட்டம் விழுந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேமரா தலைமேல் நிற்கிற சாதாரண ஃப்ளாஷ். அதில் நீள லென்ஸின் நிழல் பூச்சிமேலேயே விழுந்தது. கடைசியில் ஒரு கம்பியை வளைத்து ஃப்ளாஷைப் பக்கவாட்டில் முன்னால் கொண்டுவந்தார். மினுமினுக்கிற வண்டுகளின் முதுகில் வெள்ளைத் திட்டாக வெளிச்சம் அடித்தது. அதற்கும் ஒரு வழி அவரே கண்டுபிடித்தார். அவர் மேசைமேல் இருக்கிற டியூப்லைட்டுக்குக் கீழே பால்வெள்ளைத் தகடு ஒன்று மாட்டியிருப்பார்கள், பளபளப்பான சாமானில் வெளிச்சம் கண் கூசக் கூடாது என்று. அந்த மாதிரி, லீவர் சுற்றி அனுப்புகிற வெள்ளை ஃபோம் ஷீட் ஒரு துண்டை ஃப்ளாஷ் முன்னால் கட்டினார். என் பட்டறைக் குப்பையிலிருந்து எடுத்ததுதான். குப்பைதானா, நிஜமாகவே குப்பைதானா என்று மறுபடி மறுபடி கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

இவ்வளவும் ஆன பிறகும் ஒரு படம் தேறவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

எடுக்கிற முறையில் குறையே சொல்ல முடியாது. மூச்சை அடக்குவார். கேமரா தானாகக் குறி பார்த்து 'பீப்' என்று சத்தம் கொடுக்கும்வரை காத்திருப்பார். அமுக்குவார். உடனே கேமராவின் பின்பக்கம் இருக்கிற சின்னத் திரையில் படத்தைப் பார்ப்பார். முகம் சுருங்கும்.

"மங்கல்."

"காட்டுங்க சார்" என்று நானும் எட்டிப் பார்ப்பேன். "ஆமா சார். லேசா மங்கல்தான்."

அங்கேயே அழித்துவிடுவார். கெட்ட பீஸ் அடுத்த மேசைக்குப் போகக் கூடாது, கண்ட இடத்திலேயே நிறுத்து என்பது அவர்கள் பிரிவின் வேதவாக்கு. சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரையிலும் அவர் அதைக் கைவிடவில்லை. ஒரு முறை பாரூர் ஏரி வரைக்கும் போய், காலையிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெறும் மெமரி கார்டோடு திரும்பினோம். போச்சம்பள்ளி சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டு வந்ததுதான் அன்றைய லாபம்.

"இவுக கேமரா வாங்குனதுல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு எறும்புப் படம்கூட வரலண்ணே. இதுக்கு அந்தத் தீப்பெட்டி வண்டே தேவல" என்று பவளம் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஏரிக்கரையில் கேட்ட அதே சொல் என் பட்டறைக்கும் வர ஆரம்பித்திருந்தது. என் லீவர்கள் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. காரணம் என்ற இடத்தில் சௌந்தரராஜனின் கையெழுத்தில்: மங்கல்.

நான் பாலிஷ் மெழுகை மாற்றினேன். துணிச் சக்கரத்தை மாற்றினேன். கடைசியாகத் துடைத்து அடுக்குகிற செல்வம்மாளைப் பார்த்துக் கத்தினேன். செல்வம்மாள் கல்லாவியிலிருந்து வந்து இங்கே குடியேறியவர், பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறார். ஒரு லீவரை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பொட்டு வெச்சிக்கலாம் இத பாத்து. இதுக்கு மேல என்னாத்த தொடைக்கச் சொல்றீங்க?"

"அவரு மங்கல்ன்றாரு. அவரு கண்ணு பொய் சொல்லுமா? இன்னும் நல்லா தொடை!" என்று கத்தினேன். அவர் அன்று மதியம் சாப்பிடாமல் வேலை செய்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்பெனியிலிருந்து மோகன்குமார் போன் செய்தார். சௌந்தரராஜனுக்கு மேலதிகாரி, சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். பூஜை முடிந்து வருகிற அடுத்த லாட் சரக்கும் திரும்பினால் ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். என் சக்கரங்களில் பாதிக்கு மேல் அந்த லீவருக்காகத்தான் சுற்றுகின்றன. அது போனால் செல்வம்மாளை நிறுத்த வேண்டும், கூட இன்னும் சிலரை. சௌந்தரராஜனுக்கும் அது தெரியும். ஒரு வாரமாக என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நல்லாப் பண்ணி அனுப்புங்க ஆஞ்சப்பன். என்னைய அந்தப் பாவத்துக்கு ஆளாக்கிறாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

கோபம் பொங்கியது. என்ன செய்வது, மேசை அவருடையது. பூஜைக்கு வரச் சொல்லி அழைத்தேன். பூஜை என்றால் வருவார், பொரியும் கடலையும் மட்டும் வாங்கிக்கொள்வார்.

ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவி, சக்கரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தோம். என் பைக், தராசு, ஸ்குரூ டிரைவர், என் மனைவி மாதேஸ்வரியின் மிக்ஸி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையில் இருந்தன. அனுப்ப வேண்டிய லாட்டும் பெட்டியில் தயாராக அங்கேயே இருந்தது. சௌந்தரராஜன் பவளத்தோடு வந்தார். கழுத்தில் கேமரா, ஃப்ளாஷ், கம்பி, ஃபோம் துண்டு எல்லாம் தொங்கின. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, காம்பவுண்டு ஓரத்து வேலமரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஆஞ்சப்பன், அங்கிட்டுப் பாருங்க."

கிளையில் ஒரு பொன்வண்டு. முதுகு பச்சையும் பொன்னுமாக மின்னியது. காலைக் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இவர் ஒற்றைச் செருப்போடு மெதுவாக நகர்ந்தார். 'பீப்' சத்தம் வந்தது. ஃப்ளாஷ் அடித்தது. ஒரே ஒரு படம். பொன்வண்டு விருட்டென்று பறந்து பக்கத்துப் பட்டறைப் பக்கம் போய்விட்டது.

உள்ளேயிருந்து மாதேஸ்வரி, "கற்பூரம் ஏத்தப் போறன், எல்லாம் வாங்க" என்று கூப்பிட்டாள். சௌந்தரராஜன் திரையைப் பார்க்கத் தலையைக் குனிவதற்குள் பவளம் அவர் கழுத்திலிருந்து கேமராவை வெடுக்கென்று கழற்றினார்.

"இதுவும் ஆயுதந்தான. இதுக்குத்தான வீட்டுச் சம்பளத்துல பாதி போச்சு. இத மொதல்ல வைங்கக்கா."

"ஏய், இரு. ஒரு நிமிசம். அந்தப் படத்தப் பாத்துக்கிறேன்."

மாதேஸ்வரி அதற்குள் வாங்கி, பஃபிங் மோட்டார் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஃப்ளாஷுக்கு ஒரு சந்தனம், லென்ஸ் மூடிக்கு ஒன்று, பின்பக்கத் திரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, நடுவில் குங்குமம்.

"ஸ்கிரீன்ல வேணாம்மா!" என்று சௌந்தரராஜன் அலறினார்.

"சாமிக்கு முன்னென்னா பின்னென்னா சார்" என்றாள் என் மனைவி.

கற்பூரம் காட்டியாயிற்று. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது. இது அவருக்குத் தெரியாததில்லை. என் மிக்ஸியும் ஓடவில்லை, என் பைக்கும் ஓடவில்லை. அவர் மட்டும் பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பொரியை ஒவ்வொன்றாகத் தின்றார். "சோதிக்காத பீஸ் ஒண்ணு கெடக்கு ஆஞ்சப்பன். மனசு கேக்க மாட்டேங்குது" என்று என்னிடம் முனகினார். எனக்குச் சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. என் பீஸ்கள் அவர் மேசையில் கிடக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது தெரியட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் மறுபூஜைக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே புருஷனும் பெண்டாட்டியும் வந்துவிட்டார்கள். தீபாராதனை முடிந்ததும் கேமராவை எடுத்தார். சந்தனம் காய்ந்து திரையில் ஓடாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். கீறல் விழுந்துவிடும். கீறலுக்குப் பயந்தே வாழ்கிற மனிதர் ஆயிற்றே.

"கார்டைக் கழட்டுங்க சார். மாடில டிவி கீது, போட்டுப் பாத்து அழிச்சுக்குங்க" என்றேன்.

மாடியில் எங்கள் ஹாலில் சோபாவில் எல்லாரும் உட்கார்ந்தோம். கார்டை ரீடரில் சொருகி டிவியில் மாட்டினேன். ஒரே ஒரு படம் இருந்தது. திறந்தேன்.

டிவி முழுக்கப் பொன்வண்டு. முதுகில் ஊசியால் தட்டின மாதிரி வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு பச்சை. காலில் இருந்த மயிரை எண்ணலாம். கண்ணில் எங்கள் வாசல் வாழைக்கன்று தெரிந்தது. பூச்சி என்றால் விளக்குமாற்றைத் தேடுகிற மாதேஸ்வரி, "யம்மா, எவ்ளோ அழகா கீது" என்றாள்.

சௌந்தரராஜன் எழுந்தார். வழக்கம்போலக் கிட்டே போய்ச் சோதிக்க டிவிக்கு முன்னால் முகத்தை வைத்தார்.

"மங்கல்" என்றார்.

பின்னால் வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி கிட்டே போனார். மறுபடி பின்னால் வந்தார். அப்படியே இன்னும் சில முறை. எங்கள் ஹால் சின்னது, ஒவ்வொரு முறையும் டீப்பாயில் இடித்துக்கொண்டார்.

பவளம் கைப்பையைத் திறந்து தன் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். ஊதா ஃபிரேம், இரண்டு ஓரத்திலும் குட்டிக் குட்டிப் பூ. கணவரின் மூக்கில் மாட்டிவிட்டார்.

அவர் டிவிக்குக் கிட்டே போனார். இந்த முறை திரும்பி வரவே இல்லை. விரலை நீட்டி வண்டின் முதுகில் குழி குழியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"எல்லாமே இப்பிடித்தான் இருந்திருக்கும், இல்ல? பாரூர்ல எடுத்தது. அந்தத் தட்டான். எல்லாமே" என்றார்.

நானும் அதையேதான் நினைத்தேன். அப்புறம்தான் இன்னொன்றும் புரிந்தது. அவரும் அந்த நேரத்தில்தான் என் பக்கம் திரும்பினார். ஊதாக் கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாக, பயந்துபோய்த் தெரிந்தன.

"ஆஞ்சப்பன், அப்ப ஒங்க லீவரு..."

எனக்கு வந்த கோபத்தை எந்த மொழியில் திட்டித் தீர்ப்பது என்று தெரியவில்லை. மாற்றிய மெழுகு, மாற்றிய சக்கரம், சாப்பிடாமல் துடைத்த செல்வம்மாள் எல்லாம் கண்முன் வந்தன. "இன்னா சார் இது! ஆறு மாசமா என் பொழப்ப ஒங்க கண்ணால தின்னுட்டீங்களே சார்!" என்று கத்தியேவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவரைப் பார்த்துக் கத்தினேன். பவளம் தலையைக் குனிந்துகொண்டார். சௌந்தரராஜன் நின்று வாங்கிக்கொண்டார். அழுதுவிடுவாரோ என்று எனக்கே பயமாகிவிட்டது.

"நாளைக்கு ஒங்க லாட்டு வருதுல்ல. இதப் போட்டுக்கிட்டுத்தான் பாப்பேன்" என்றார்.

"மேசை போயிரும்னீங்க?" என்றார் பவளம்.

"போகட்டும். பேக்கிங்லயும் மனுசன்தான இருக்கான்."

சொன்னாரே தவிர, படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அந்த மேசையை விட்டால் அவருக்கு ஓசூரில் வேறு ஒன்றும் இல்லை. என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

மறுநாள் வேனோடு நானே கம்பெனிக்குப் போனேன். சௌந்தரராஜன் ஊதாக் கண்ணாடியோடு மேசையில் இருந்தார். புதிதாக ஒன்று வாங்கக் கடை திறக்கும்வரை பொறுக்கவில்லை. சிரித்தவர்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மோகன்குமாரைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்:

"சார், இவரு லாட்டு இத்தன நாளாத் திரும்புனதுக்கு இவரு காரணமில்ல. என் கண்ணுதான். எனக்குக் கிட்டப் பார்வை போச்சு, மறைச்சுட்டேன். பேக்கிங்குக்குப் போடுறதுன்னாப் போடுங்க."

மோகன்குமார் விழித்தார். "எதுக்குப் பேக்கிங்?"

"கண்ணாடி போட்டா மாத்திருவீங்கள்ல? ரெக்ஸ மாத்துனீங்கள்ல?"

"ரெக்ஸ் அவராவே கேட்டு வாங்கிட்டுப் போனாரு சார். அங்கதான் எல்லா ஞாயிறும் லீவு. சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறாராம்."

அந்தப் பிரிவில் எல்லாரும் கையிலிருந்த லீவரைக் கீழே வைத்தார்கள். பிறகு எங்கோ ஒரு டிராயர் மெதுவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக உள்ளே ஒளித்துவைத்திருந்த கண்ணாடிக் கூடுகளை எடுத்தார்கள். ஒருவர் மூக்கில் மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரின் முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மோகன்குமார் தலையில் கையை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சௌந்தரராஜன் என் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு லீவராக எடுத்தார். பச்சை. பச்சை. பச்சை. தொட்டி நிறைந்துகொண்டே வந்தது. போனை எடுத்து செல்வம்மாளிடம், பாஸ் ஆகுது, நீ சொன்னதுதான் சரி, நான் கத்தினதை மனசில் வெச்சுக்காதே என்று சொன்னேன். ஆர்டர் நிற்கும் என்பது உறுதியாகிவிட்டது. திரும்புகிற வழியில் சாருக்கு ஒரு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும், அவர் வாங்க மாட்டார், ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு லீவரைச் சிவப்புத் தொட்டியில் போட்டார்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"சார்! மறுபடியும் இன்னா சார்?"

"பின்ஹோல். இத்தன நாளும் இதத்தான் நான் பாஸ் பண்ணி விட்டிருக்கேன் போல. பயப்படாதீங்க, சொற்பந்தான், லாட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

விடுவேனா? சிவப்புத் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், கையை நீட்டிப் பார்த்தேன். தங்கம் மாதிரி மின்னியது.

"எங்க சார் கீது பின்ஹோலு? ஒண்ணியும் காணோமே. உங்க கண்ணுதான் இன்னும் சரியில்ல."

சௌந்தரராஜன் நீட்டியிருந்த என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஊதாக் கண்ணாடியைக் கழற்றி, பூப்போட்ட பக்கத்தைத் துடைத்து, என் மூக்கில் மாட்டினார்.

லீவர் முழுக்கக் குழி. ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று, விளிம்பில் இரண்டு. குழிகளுக்கு அப்பால், பளபளப்பில், ஊதாக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"ஏரிக்கரையில அத்தன படத்தையும் ஆமா சார், மங்கல்தான்னு சொன்னீங்களே. ஒங்களுக்கு என்ன வயசாச்சு ஆஞ்சப்பன்?" என்று கேட்டார்.

மூன்று வருஷத்தைக் குறைத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை.